கேக் வெட்டிய அரிவாள்

நாகமலை புதுக்கோட்டை
4.5.2025

அன்புள்ள ஹரிராமுக்கு,

சோலை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் வீட்டுக்காரம்மா பத்மாசினிக்கு மூட்டுவலி குறைந்ததா? உன் போனை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. பேசினால் குரல் உயர்ந்துவிடும். ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்து ரிட்டயர் ஆன நமக்குள் அது வேண்டாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

என் மகள் ஆர்த்திகாவுக்கும் உன் மகன் சாய்பிரசாத்துக்கும் கல்லூரியிலேயே ஒரே சென்னை கம்பெனியில் வேலை கிடைத்ததே, அதில் ஒரு சிக்கல். மார்ச்சில் அவள் பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் தெப்பக்குளத்துப் பக்கம் கேக் வெட்டினார்கள். கத்தி கொண்டுவர மறந்துவிட்டார்கள். சாய் ஓடிப்போய் இளநீர் விற்கும் முனியாயியிடம் அரிவாளை வாங்கி வந்தான். இவளும் சிரித்துக்கொண்டே வெட்டினாள். சாய் தன் முகமும் தெரிகிற மாதிரி கையை நீட்டி வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டான். அதை இன்னொருவன் ‘மதுரைப் பொண்ணு கெத்து’ என்று மறுபடி போட, ஊரே பார்த்துவிட்டது.

வேலைக்கு எடுப்பவர்கள் இப்போது மார்க் ஷீட்டோடு இதையும் தேடிப் பார்க்கிறார்களாம். ஆர்த்திகாவைப் போனில் கூப்பிட்டு, “உங்க வீட்டுல இதெல்லாம் பழக்கமா?” என்று கேட்டிருக்கிறார்கள். அவளுடைய வேலை ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். சாய்க்கு ஆர்டர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். மனசாரச் சொல்கிறேன், சந்தோஷம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வீடியோவில் இரண்டு பேர் முகமும் இருக்கிறது. உன் பிள்ளை பக்கத்தில் அரிவாள் இருந்தால் அது விளையாட்டு. என் பிள்ளை கையில் இருந்தால் அதற்கு வேறு பெயர். வீடியோவுக்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்துப் பார், எங்கள் தெருவின் பெயரைச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். முதலில் இஞ்சினியர் ஆனவள் அவள்.

வீடியோவை நீக்கச் சொல்.

உன்,
சோலை


திருநகர்
9.5.2025

அன்புள்ள சோலை,

உன் கடிதம் கிடைத்த அன்றே சாய் வீடியோவை நீக்கிவிட்டான். நான் முதன்முறை அதைப் பார்த்தபோது சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிரிப்பு வந்த இடத்தில் இன்னொருவருக்குப் பயம் வரும் என்று தோன்றவே இல்லை.

மறுபடி போட்டவனையும் தேடிப் போனோம். வண்டியூரில் செல்போன் கடை வைத்திருக்கும் அழகுபாண்டி. மரியாதையான பிள்ளைதான்.

“சார், நான் ஒண்ணும் தப்பாப் போடலையே. கெத்துன்னுதான போட்டேன்.”

“அந்தக் கெத்தைப் பார்த்துத்தாம்ப்பா வேலை குடுக்க மாட்டேங்கிறாங்க.”

“அம்புட்டுப் பேரு பாத்தது சார், எனக்கு ஓடினதே அது ஒண்ணுதான்” என்று வருத்தப்பட்டான். பிறகு எங்கள் கண் முன்னாலேயே அழித்தான். “என்கிட்ட இருந்தது போச்சு. எடுத்து வச்சிருக்கிறவன் வீட்டுக்கெல்லாம் நான் போக முடியாதுல்ல?”

நாம் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ்களை நினைத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பில் ஜன்னல் கண்ணாடியை உடைத்தவனுக்கும் ‘நன்று’ என்றே எழுதினோம். நமக்கு மறக்கத் தெரிந்திருந்தது. இப்போது சான்றிதழ் எழுதுகிற இடத்துக்கு அது தெரியாது.

இரண்டு முகம் என்று நீ எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடிதத்தை அப்படியே சாயிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்து மாடிக்குப் போனான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

ஆர்த்திகாவை மனம் தளர விடாதே.

அன்புடன்,
ஹரிராம்


நாகமலை புதுக்கோட்டை
24.5.2025

என் அருமை ஹரிராம்,

ஆர்டர் வந்துவிட்டது. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

எப்படி வந்தது என்பது நேற்றுத்தான் தெரிந்தது. சாய் அந்தக் கம்பெனிக்கு எழுதியிருக்கிறான். “அரிவாளைக் கொண்டுவந்தது நான். படம் எடுத்ததும் நான், போட்டதும் நான். படத்தில் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். என்னிடம் ஏன் எதுவுமே கேட்கவில்லை?” அங்கே இருக்கும் எச்.ஆர். அம்மா இதை ஆர்த்திகாவிடம் வாசித்தே காட்டினாராம். இவளும் சும்மா இருக்கவில்லை. “நான் ஒண்ணும் தெரியாத பிள்ளை இல்லப்பா, நானாத்தான் வெட்டினேன்” என்று என்னிடம் சொன்னவள், அது இளநீர் வெட்டுகிற அரிவாள் எனக் கம்பெனிக்கு எழுதி, முனியாயியின் நம்பரையும் கொடுத்திருக்கிறாள்.

அவர்களும் நிஜமாகவே கூப்பிட்டிருக்கிறார்கள். முனியாயி சொன்னாளாம்: “ஆமாத்தா, என் அருவாதேன். கழுவாமக் குடுத்துட்டுப் போயிட்டாக. பூராம் கிரீமு. எறும்பு மொச்சு, அன்னைக்கு ஏவாரமே படுத்துருச்சு. அதுக்குத்தான் கேசு போடப் போறீகளா?”

எச்.ஆர். அம்மா சிரித்துவிட்டாராம். “உங்க வீட்டுல பழக்கமான்னு கேட்டது தப்பு, மன்னிச்சிருங்க” என்றும் ஆர்த்திகாவிடம் சொன்னாராம்.

ஆனால், சாயுடைய ஆர்டரை இப்போது நிறுத்தி வைத்திருக்கிறார்களாமே? நீ தெரிந்துதான் விட்டாயா? தெரிந்திருந்தால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? உன் பிள்ளை கையில் இருந்ததை என் பிள்ளைக்காகப் பணயம் வைத்திருக்கிறான். எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கோபித்துக்கொண்டு எழுதிய கையாலேயே இதையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

என்றும் உன்,
சோலை


திருநகர்
30.5.2025

அன்பு சோலை,

எனக்கும் தெரியாது. உன் கடிதம் வந்த பிறகுதான் கேட்டேன். “ஆமாப்பா” என்றான், அவ்வளவுதான். பத்மாசினி வீட்டுக்குள் பேசும் எங்கள் பாஷையில் ஒரு மணி நேரம் திட்டினாள். தமிழில் திட்டினால் அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடுமே. பிறகு அவளே போய் அவன் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

அவனை அடுத்த பேட்சில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நிச்சயமில்லை. வேறு இடங்களுக்கும் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

நீ நன்றி சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேரில் ஒருத்தியைத்தான் கேள்வி கேட்டார்கள். இரண்டு பேரையும் கேட்க வைத்தான், அவ்வளவுதான். நான்தான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த வரியை எழுதாமல் நீ மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் நாம் வழக்கம் போல விசேஷ வீடுகளில் சிரித்துப் பேசியிருப்போம், என் பிள்ளைக்கு இது தெரியாமலே போயிருக்கும். எனக்கும்தான்.

நேற்று ஆர்த்திகா அவனைப் போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போடாமலே கூடம் வரை கேட்டது.

“லூசு, உன்னை யாருடா எழுதச் சொன்னது? இப்ப நான் மட்டும் எப்படிப் போய்ச் சேர்றது?”

“ட்ரெயின்லதான். டிக்கெட் போட்டாச்சுல்ல?”

“செருப்பால அடிப்பேன்.”

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. வைத்துவிட்டார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். சாய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். போன் காதில்தான் இருந்தது. வெகுநேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

உன் அன்பை மறவாத,
ஹரிராம்