திரையைக் கழுவும் முறை

காஜா பேராங், மலாக்கா
2-7-1944

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு என்பதைத் தவிர குறையில்லை. சிரம்பானில் உங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதும் வேலை நிலைத்ததில் நிம்மதி.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தின் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போய் ஓராண்டு தாண்டிவிட்டது. அவளுக்கும் மகள் கோகிலாவுக்கும் இருப்பது ஒரே சேலை. ஒருத்தி வெளியே போனால் மற்றவள் சாக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே இருக்கிறாள். நீங்கள் வரைந்த நாடகத் திரை என் பரணில் சும்மா கிடக்கிறது. வெட்டிக் கொடுக்கலாமா?

தங்கை ருக்மணி

சிரம்பான்
14-7-1944

அன்புத் தங்கச்சிக்கு,

வெட்டாதே. பதினொரு திரை வரைந்தேன். பத்து, குண்டு விழுந்த நாடகக் கொட்டகையோடு எரிந்தன. இங்கே எனக்கே படிக்கத் தெரியாத ஜப்பானிய எழுத்தை நாள் முழுக்கத் தீட்டுகிறேன். நான் ஓவியன் என்பதற்கு மிச்சம் அந்த ஆற்றங்கரைத் திரை ஒன்றுதான்.

கருணாகரன்

காஜா பேராங்
23-7-1944

அன்புள்ள அண்ணனுக்கு,

வெட்டவில்லை. பூச்சி அரித்ததா என்று பார்க்க முற்றத்தில் விரித்தேன். மலாய் பேசும் மலாக்காச் செட்டி வீட்டு இந்திரா அழகு அழகு என்று மலாயில், "சாந்தேக்லா, சாந்தேக்லா" என்றாள். பூங்காவனம் குனிந்து, தண்ணீரில் விழுந்த ஓடத்தின் நிழலைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐயய்யோ, இதையா வெட்டப் பாத்தீங்க? எனக்குச் சாக்கே போதும்க்கா. சேலையாக் கட்டினா அதுல ஓடமா ஓடப்போவுது?" என்று சிரித்தாள். இடுப்பெல்லாம் சாக்கு உரசிய புண்.

ருக்மணி

சிரம்பான்
3-8-1944

தங்கச்சிக்கு,

அந்த நிழலுக்கு நான்கு நாள் உழைத்தேன். எந்த ஊரிலும் ஒருவரும் கவனித்ததில்லை. கவனித்தவளுக்கே அது சேரட்டும். வெட்டு.

வர்ணம் வச்சிரப் பசையில் குழைத்தது. வெந்நீரில் ஊறவை, தானே கழன்றுவிடும். தேய்த்தால் துணி கிழியும். ஆறு முதலில் போகும், மரங்கள் பிடிவாதம் பிடிக்கும். வெள்ளைச் சேலையை அவள் கட்டமாட்டாள். புருஷன் திரும்ப வேண்டியவன். மங்குஸ்தீன் தோலை வேகவைத்து, அந்தச் சாயத்தில் கரை வரைந்து கொடு. கை நடுங்கினால் நடுங்கட்டும். மூன்று சலவைக்கு மேல் நிற்காது. போனால் மறுபடி வரை.

கருணாகரன்

காஜா பேராங்
27-8-1944

அன்புள்ள அண்ணனுக்கு,

நான்கு சேலை தேறின. ஆறு கரைந்து வாளியில் இறங்கியபோது அழுதேன், மறைக்கமாட்டேன். இரண்டு வாரத்துக்கு முன் தாயும் மகளும் முதல்முறையாக ஒன்றாகக் கோயிலுக்கு நடந்தார்கள். கரை யார் வரைந்தது என்று கேட்டவர்களிடம் பூங்காவனம், "கருணாகரன் தங்கச்சி, வேற யாரு?" என்றாளாம்.

இரண்டாம் சலவையிலேயே வெளுத்துவிட்டது. கோகிலா சேலையோடு வந்து நிற்கிறாள். இந்த முறை கரையில் மீன் வேண்டுமாம். அடுப்பில் மங்குஸ்தீன் தோல் கொதிக்கிறது. செதிலைத் தலையிலிருந்து தொடங்குவதா, வாலிலிருந்தா? உடனே எழுதுங்கள்.

ருக்மணி