விற்க அனுமதி

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையிலேயே இஸ்திரி வந்து நின்றார். எங்கள் நிதித் தலைவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் அது. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. தன்னிடமுள்ள கம்பெனிப் பங்குகளில் பாதியை விற்க வேண்டுமாம். மேலதிகாரிகள் யாராக இருந்தாலும் சொந்தக் கம்பெனிப் பங்கை விற்க என் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். நான் அனுமதிக் கடிதம் அடிப்பேன், கம்பெனிச் செயலாளர் கையெழுத்துப் போடுவார், விற்று முடித்ததும் பங்குச் சந்தைக்கு நான் தெரிவிப்பேன். பெரிய மனிதர்களின் பர்ஸை எட்டிப் பார்க்கும் உத்தியோகம் என்று கணவர் கேலி செய்வார்.

"காரணம்னு என்ன சார் எழுத?"

"பையன் படிப்பும்மா. செலவு கழுத்த நெரிக்குது."

அப்படியே எழுதினேன்.

பிப்ரவரி 14

உற்பத்தித் தலைவர். மாடி கட்டுகிறாராம்.

பிப்ரவரி 20

இன்று விற்பனைத் தலைவர். மனைவிக்கு முதுகில் ஆபரேஷன். பாவம் என்றுதான் முதலில் தோன்றியது. ஃபைலில் வைக்கும்போது மூன்று கடிதங்களும் சேர்ந்தாற்போல் கண்ணில் பட்டன. வருஷக்கணக்காக ஒரு பங்கைக்கூட விற்காதவர்கள் — மூவருக்கும் ஒரே மாதத்திலா செலவு வரும்? மனசு கேட்காமல் செயலாளரிடம் போனேன்.

"சார், உள்ள ஏதாவது ஓடுதா? வெளியில சொல்லாத விஷயம் இருந்தா இவங்கள விக்க விடக் கூடாதே."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இருந்தா சொல்ல மாட்டேனா? அடிச்சுக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

மார்ச் 2, ஞாயிறு

தம்பி வந்திருந்தான். எங்கள் கம்பெனியிலேயே பெயிண்ட் பிரிவில் இருக்கிறான். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டு தொழிலாளிக்குக் கொடுக்கும் பங்குகளைத் தொடாமல் சேர்த்து வைத்திருக்கிறான். அதை நம்பித்தான் வீடு பேசி அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான். மே மாதம் விற்று, மீதியைக் கட்டி, பத்திரம் முடிக்க வேண்டும். தையல் மெஷினை எந்த ஜன்னல் பக்கம் போடுவது என்பதுவரை அவன் மனைவி முடிவு செய்தாயிற்று.

"அக்கா, சந்தை வெப்சைட்ல பார்த்தேன். நம்ம பெரியவங்க மூணு பேரு வித்திருக்காங்களே. நானும் இப்பவே வித்துடட்டுமா?"

'இதையெல்லாம் என்னிடம் கேட்காதே' என்று சொல்லியிருக்க வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அவன் முகம் சுருங்கியிருந்ததைப் பார்த்து வாய் சும்மா இருக்கவில்லை.

"அட போடா. ஒருத்தருக்குப் பையன் படிப்பு, ஒருத்தருக்கு மாடி, ஒருத்தருக்கு ஆபரேஷன். அவங்கவங்க செலவுக்கு விக்கறாங்க."

"அவ்வளவுதானா! நான் பயந்தே போயிட்டேன்க்கா."

இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

மார்ச் 3

ஏன் சொன்னேன்? எனக்கே இருந்த சந்தேகத்தை விழுங்கிவிட்டு அவனுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன். அந்தக் காரணங்களை நான் விசாரித்தேனா? அவர்கள் சொன்னார்கள், நான் எழுதினேன். என் கையால் அடித்த கடிதம் என்பதாலேயே எனக்கு அது நிஜமாகிவிட்டது.

மார்ச் 19

தம்பிக்குப் பேசப் போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். 'வித்துடு' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் எனக்கு என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது. சொல்லி, நாளைக்கு ஏதாவது வெடித்தால் எனக்கு வேலை போகும், அவனும் சேர்ந்து கோர்ட்டுக்கு அலைவான். சொல்லாவிட்டால்?

சொல்லவில்லை.

ஏப்ரல் 8

காலையில் அறிவிப்பு வந்துவிட்டது. எங்கள் சரக்கில் பாதிக்குமேல் எடுக்கும் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டாராம். கடிதம் வந்தது ஜனவரியில்! ஜனவரியிலேயே தெரியும். தெரிஞ்சுதான் அந்த மூணு பேரும் வரிசையா என் முன்னாடி வந்து உக்காந்தாங்க. அந்தப் பாவி மனுஷன் தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டிருக்கான். நான் ஒரு மடச்சி, படிப்பு, மாடின்னு எழுதிக்கிட்டு —

மதியத்துக்குள் பங்கு அதலபாதாளம். விற்க எல்லோரும் நிற்கிறார்கள், வாங்க ஆளில்லை.

தம்பி போன் செய்தான். "அக்கா, உனக்குத் தெரியாதுல்ல?"

"சத்தியமா தெரியாதுடா."

"சரிக்கா." வைத்துவிட்டான்.

ஏப்ரல் 9

அடுப்பு மூட்டவில்லை. கணவர் வெளியே சாப்பிட்டுக்கொண்டார்.

மே 16

வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அட்வான்ஸ் போனது போனதுதான். தம்பி பேசுவதில்லை, அவன் மனைவிதான் போனில் சொன்னாள். "அவர் அப்பவே விக்கறதாத்தான் இருந்தார் அண்ணி. நீங்க சொன்ன அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினார்." குரலை உயர்த்தவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜூன் 24

அந்த மூவரின் பங்கு விற்பனை பற்றிய அரசு விசாரணைக்குப் போய் வந்தேன். சின்ன வயது அதிகாரி, மரியாதையான பெண். செயலாளரிடம் நான் கேட்ட கேள்வி, அவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் சொன்னேன். என் கணக்கு, கணவர் கணக்கு, தம்பி கணக்கு என்று எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாள். கடைசியில் ஃபைலை மூடிவிட்டுச் சிரித்தாள்.

"உங்க மேல ஒண்ணும் இல்லம்மா, தைரியமாப் போங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா கூடப்பிறந்தவரை இப்படி விட்டிருப்பீங்களா? உங்க தம்பி ஒரு பங்குகூட விக்கல. அதுதான் உங்களக் காப்பாத்துச்சு."

நன்றி சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே கணவர் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "முதல்ல உன் தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லு" என்றார்.

நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன்.