மந்தைவெளியில இறக்கம் கிடையாது

என் தங்கச்சிய கட்டிக்கிட்டு எனக்கும் ஒரு தம்பியா ஆயிட்ட மாப்ள பாலுவுக்கு,

வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சுடா. முதல்ல அதைச் சொல்லிடறேன். நீ இருந்திருந்தா வேற எதையும் கேட்டிருக்க மாட்ட.

நீ கடைசியா ஓட்டின திருப்போரூர் தோப்புலேர்ந்து அந்த ஏடிவிய, அதான் அந்த நாலு சக்கர பைக்கை, குட்டியானை வேன்ல ஏத்திக்கினு வந்து நம்ம ஷெட்டுல எறக்கினப்ப, அதைக் கண்ணால பாக்கவே எனக்குப் பிடிக்கல. நாலு சக்கரத்தையும் மேல தூக்கிக்கினு ஏரிக்கரைக்குக் கீழ கெடந்த வண்டி. ஹேண்டில்ல காஞ்சிருந்ததை மட்டும் செல்வி வர்றதுக்கு முன்னாடி நானே கழுவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடிட்டேன். அதுல பாதிதான் சேறு. உனக்கு எதுக்கு அதெல்லாம்.

உன் காரியத்துக்கு வந்தவங்க வாய்க்கு வந்தபடி பேசினாங்க. கரை மேலேர்ந்து வண்டி சத்தமே இல்லாம எறங்கி வந்துச்சுன்னு தோப்புக் காவக்காரர் சொன்னாராம். அதை வச்சே, நியூட்ரல்ல போட்டு சறுக்கு விளையாடியிருக்கான்னு முடிவு கட்டிட்டாங்க. வண்டிக்குச் சொந்தக்காரப் பையனோட அப்பா, தி.நகர்ல ஜவுளிக்கடை வச்சிருக்காரே, அவரும் மாலையோட வந்தாரு. தங்கமான மனுசன்தான், இல்லன்னு சொல்லல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நல்ல பிள்ளைதான், கொஞ்சம் வேகம் ஜாஸ்தின்னாரு. பக்கத்துல நின்ன செல்வி காதுல அது விழுந்துடுச்சு.

அப்போலேர்ந்து அவ அழவே இல்ல மாப்ள. உன்மேல கோவமாவே இருந்தா. நாலு வயசுப் பொண்ணை வீட்டுல வச்சுக்கினு அங்க போய் சீன் போட்டுச் செத்தியேன்னு கோவம். உன் சட்டையெல்லாம் மூட்டையாக் கட்டி பரண்ல தூக்கிப் போட்டா. உன் போட்டோவுக்குப் பூ கூட வைக்கல. அம்மா திட்டினாங்க. எனக்கும் உள்ளுக்குள்ள அந்தக் கோவம் கொஞ்சம் இருந்துச்சு, அது வேற கதை. ஒரு நாள் ஸ்கூட்டிய ஷெட்டு வாசல்ல நிறுத்திட்டு, உள்ள கூட வராம கேட்டா.

"அண்ணா, அவரு தப்பா, வண்டி தப்பா? பாத்துச் சொல்லு."

அன்னைக்குத்தான் தார்ப்பாயை எடுத்தேன்.

வண்டி தலைகீழா கெடந்ததுல ஆயில் பூரா சிலிண்டருக்குள்ள போய் நின்னுக்கினு இருந்துச்சு. பிளக்கைக் கழட்டி அதை வெளிய தள்ளினேன். கார்புரேட்டரைப் பிரிச்சுக் கழுவினேன். உதைச்சு உதைச்சு காலு வீங்கினப்புறம்தான் பிடிச்சுது, அதுக்கப்புறம் ஐட்லிங் வச்சேன். எவ்ளோ சுத்தமான வேலைடா உன்னுது. பெட்ரோல் ஜெட் மாத்தினது, காத்து வர்ற குழாயை நீட்டினது, எதுலயும் கை வைக்க இடம் இல்ல. பிரேக்கும் ஒழுங்கா இருந்துச்சு. பாராட்டறதா, ஒப்பாரி வைக்கறதான்னு தெரியாம ஸ்பேனரோட உக்காந்திருந்தேன். கடைசியாத்தான் கிளட்ச் மூடியைக் கழட்டினேன்.

உள்ள ஸ்பிரிங் மூணும் புதுசு. அந்தப் பையன் கேட்டான்னு நீ போட்டது. கொக்கியில மாட்டி இழுத்துப் பாத்தேன், கல்லு மாதிரி இருந்துச்சு.

செல்விக்கு அவ ஸ்கூட்டிய காட்டியே சொன்னேன். செல்வி, உன் ஸ்கூட்டியிலயும் கிளட்ச் லிவர் இல்ல இல்லியா, அதே மாதிரிதான் இதுவும். என்ஜின் வேகமா சுத்தினா உள்ள இருக்கற ஷூ விரிஞ்சு டிரம்மைப் பிடிக்கும், வேகம் கொறைஞ்சா ஸ்பிரிங் அதை உள்ள இழுத்துக்கும். ஸ்பிரிங் முரடா இருந்தா, என்ஜின் நல்லா கத்தினப்புறம்தான் பிடிக்கும், அதனால வண்டி எகிறிக்கினு கிளம்பும். பையன் ஆசைப்பட்டது அந்தக் குதிதான். ஆனா எறங்கறப்ப ஆக்சிலேட்டரை விட்டா, லேசான ஸ்பிரிங் சட்டுனு விடாது, என்ஜின் வண்டியப் பிடிச்சு வச்சிருக்கும். முரட்டு ஸ்பிரிங் உடனே விட்டுடும். அப்புறம் வண்டிக்கும் என்ஜினுக்கும் சம்பந்தமே இல்ல.

அவ, இது அவருக்குத் தெரியாதான்னு கேட்டா. நம்ம தெருவுல ஓட்டிப் பாத்த. பட்டினப்பாக்கம் மணல்ல ஓட்டிப் பாத்த. கிளம்பறதைத்தான் பாத்த, எறங்கறதைப் பாக்கல. எங்க போய்ப் பாப்ப? மந்தைவெளியில இறக்கம் எங்க கீது? தட்டுல ஊத்தின தண்ணி நிக்கற ஊரு இது. ஊட்டிப் பக்கத்து மெக்கானிக்கா இருந்தா முதல் வேலையா இறக்கத்துலதான் விட்டுப் பாத்திருப்பான். நம்ம ஊர் ஆளுங்களுக்கு பிக்கப்தான் டியூனிங். இல்லன்னா பையன் ஏறினப்புறம்தான் தெரிஞ்சிருக்கும், ஆனா கஸ்டமர் ஏர்றதுக்கு முன்னாடி நாமதான் ஏறணும்னு நீ ஒரு சட்டம் வச்சிருந்தியே. அதனால அந்த ஏரிக்கரையில உனக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது.

வாயால சொன்னா அவ நம்ப மாட்டான்னு எனக்குத் தெரியும். ராஜா அண்ணாமலைபுரத்துல புதுசா கட்டிக்கினு இருக்கற ஒரு அபார்ட்மெண்டு, கீழ கார் பார்க்கிங்குக்கு நீளமா ஒரு சரிவு. வாட்ச்மேன் நம்ம ஷெட்டுக்கு சைக்கிளோட வர்றவருதான். ஞாயித்துக்கிழமை வேலை இல்லாத நேரத்துல வண்டிய அங்க கொண்டு போனேன். நீ போட்ட ஸ்பிரிங்கை மாத்தல. செல்விய சுவத்தோரமா தள்ளி நிக்கச் சொன்னேன்.

பாதி இறக்கத்துல ஆக்சிலேட்டரை விட்டேன். டப்புனு சத்தம் அடங்கிப் போச்சு, மாப்ள. காவக்காரர் சொன்னாரே, அதே மாதிரி. வண்டி என்னைக் கேக்காம ஓட ஆரம்பிச்சுது. ரெண்டு பிரேக்கையும் பிடிச்சேன், சிமெண்டுத் தரைன்றதால நின்னுது. உனக்குக் கீழ சரளைக்கல்லு, பிரேக் பிடிச்சதும் வழுக்கிக் கவுந்திருக்கும்.

அவ பக்கத்துல வந்தா. நானும் ஏறணும்னா. வேணாம்னு எவ்ளோ சொல்லியும் கேக்கல, பின்னாடி ஏறி என் தோளைப் பிடிச்சுக்கிட்டா. மறுபடி மேல போய், மறுபடி எறங்கி, அதே இடத்துல விட்டேன். கீழ வந்து நின்னப்புறமும் அவ எறங்கல.

"அப்போ அவரு கையை எடுத்திருக்காரு. மெதுவா வரணும்னுதானே எடுத்திருக்காரு?"

ஆமான்னேன்.

"எடுக்காம முறுக்கிக்கினே வந்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவ மூச்சு என் முதுகுல பட்டுக்கினு இருந்துச்சு, எனக்கு வாய் வரல. முறுக்கியிருந்தா என்ஜின் பிடிச்சிருக்கும், வண்டி ஒரு நிதானத்துல வந்திருக்கும்னு சொன்னேன்.

"சீன் போட்டிருந்தா பொழச்சிருப்பாரு. அவ்ளோதான?"

அவ அப்பதான் அழுதா. காரியத்துல அழாதவ, அந்தச் சிமெண்டுத் தரையில உக்காந்து, வாட்ச்மேன் ஓடி வர்ற அளவுக்கு அழுதா. உன்மேல இருந்த கோவம் போயிடுச்சுன்னு நெனைக்கறேன். அது இருந்தப்பவாவது அவளுக்குப் பிடிச்சுக்க ஒண்ணு இருந்துச்சு.

ஜவுளிக்கடைப் பையன் போன் பண்ணினான். வண்டி ரெடியாண்ணே, அந்தப் பழைய பிக்கப் அப்படியே இருக்குமான்னு கேட்டான். பாவம், அவனுக்கு எதுவும் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். லைன் கட் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் அவனும் கூப்பிடல, நானும் கூப்பிடல. லேசான ஸ்பிரிங்கை மாட்டி வச்சிட்டேன். நாளைக்கு எவன் கைக்குப் போனாலும் போகட்டும்.

கயல் நல்லா இருக்கா. ஸ்கூல்ல சேத்தாச்சு. யாரோ அவகிட்ட, உங்கப்பா ரேஸ் உட்டாருன்னு சொல்லியிருக்காங்க போல. அவ அதைப் பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரியறா. எங்கப்பா ரேஸ் உட்டாரு, எங்கப்பா ரேஸ் உட்டாருன்னு. செல்வி கேட்டுக்கினே இட்லி ஊத்தறா, திருத்தல. நானும் திருத்தல. இப்ப சொன்னா அவளுக்கு என்ன புரியும்?

வளரட்டும். அவளே ஒரு நாள் கேப்பா, அன்னைக்கு வேற யாரையும் பேச விடமாட்டேன், நான்தான் சொல்லுவேன். உங்கப்பா ரேஸ் உடல கண்ணு, வீட்டுக்கு வரணும்னு ஆக்சிலேட்டர்லேர்ந்து கையை எடுத்தாருன்னு சொல்லுவேன். எடுத்ததாலதான் வரலன்னும் சொல்லுவேன். பாதி சொல்லிட்டு நிறுத்த மாட்டேன் மாப்ள, இது சத்தியம்.

உன் செல்விக்கு அண்ணன், உன் கயலுக்குத் தாய்மாமன்,
உனக்கு எப்பவும் மச்சான்,
தாமு