முறுக்காத போல்ட்டுகள்

உனக்கு,

அன்புள்ள என்று எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. அதனால் இப்படி.

அக்கா வீட்டிலிருந்து ஞாயிறு பஸ்ஸில் திரும்பினேன். ரொவானியெமி நகரம் தாண்டியதும் முதல் பனி. வீட்டில் நிற்கும் காரில் கோடை டயர்தானே, நாளை எப்படி வேலைக்குப் போவது என்று வழியெல்லாம் உன்னைத்தான் திட்டினேன். வந்து பார்த்தால் நான்கு சக்கரத்திலும், கொட்டகையில் பூட்டி வைத்திருந்த ஆணி வைத்த பனி டயர்! கொட்டகைச் சாவியும் கார் சாவியும் இன்னும் உன்னிடம் ஒன்று இருக்கிறதே.

பக்கத்து வீட்டு தைஸ்தோ சிரித்தார். “உன் வீட்டுக்காரன்தான் வந்து மாத்திட்டுப் போனான். ஒரு வாய் காபி குடிடான்னேன், வேணாம்னுட்டான். காபிய வேணாங்கிறவன நம்பாதம்மா!”

மே மாதம் கோடை டயரை மாட்டிவிட்டு, மறுநாளே பெட்டியோடு போனவன் நீ. அப்புறம் ஒரு வார்த்தை இல்லை. இப்போது இது எதற்கு? கார் வழுக்கி நான் சாகக்கூடாது என்றா? செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, இனி ஒன்றுமில்லை என்றா?

டயர் நன்றாகத்தான் பிடிக்கிறது. பாலத்துத் திருப்பத்தில் யாருடைய காரோ பள்ளத்தில் கிடந்தது, நான் அலுங்காமல் வந்தேன். அதற்கும் எரிச்சல் வந்தது.

வீல் ஸ்பானரை ஏன் சீட்டில் வைத்துவிட்டுப் போனாய்? டயர் மாற்றி நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கரத்து போல்ட்டுகள் தளர்ந்திருக்கும், மறுபடி முறுக்க வேண்டும். வருடா வருடம் அது உன் வேலை, என்னைத் தொடவே விடமாட்டாய். இனி நீயே முறுக்கிக்கொள் என்கிறாயா, வந்து முறுக்குகிறேன் என்கிறாயா?

நேற்றோடு நூறு தாண்டிவிட்டது. ஸ்பானரை நான் தொடவில்லை. மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.

இப்படிக்கு,
கொட்டகைப் பூட்டை இன்னும் மாற்றாதவள்