பதினோராவது கோடு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஆறு குடும்பம். ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, கூட அப்பாவோ அம்மாவோ. சாக்லேட் பானத்தின் விளம்பரத்தைப் போட்டுக் காட்டுவோம். பிறகு பிள்ளை எத்தனை தடவை வாங்கிக் கொடு என்று நச்சரிக்கிறதோ அத்தனை கோடு நான் போட வேண்டும். ஒன்பதைத் தாண்டினால் விளம்பரம் பாஸ். பெற்றவர்களிடம் சும்மா ருசி பார்க்கக் கூப்பிட்டோம் என்றுதான் சொல்வோம். இதற்கு ஒரு படிப்பு, ஒரு வேலை. முதுகு வலிக்கிறது.

மார்ச் 6

நாளைக்கு ஒரு குடும்பம் வரவில்லையாம். என் மகளை அழைத்துவரச் சொல்கிறார் மேலாளர். ஏழு வயது, கச்சிதமாகப் பொருந்துகிறாளாம். கூட அவள் அப்பா வருவார். வேலை போய் மூன்று மாதமாக வீட்டில்தானே இருக்கிறார். என்ன சோதனை என்று கேட்டார். ருசி பார்க்கத்தான் என்றேன். முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. புருஷனிடமுமா? அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

மார்ச் 7

பதினொன்று.

எழுதக் கை வரவில்லை. முதலில் இவள் அப்பா சிரித்துக்கொண்டேதான் சமாளித்தார். அப்புறம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அந்த விளம்பரம் "பாசமுள்ள அப்பா மறக்காம வாங்கிட்டு வருவார்" என்று முடியும். பதினோராவது தடவை இவள் கேட்டாள், "அப்போ உனக்கு எம்மேல பாசம் இல்லையாப்பா?"

அவர் கை சட்டைப் பைக்குப் போய் அப்படியே நின்றது. தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. இவள் கேட்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

நான் என்ன செய்தேன்? கோடு போட்டேன். அடச்சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 8

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். "கண்ணாடிக்குப் பின்னாடி நீ இருந்தியா?" என்று மட்டும் கேட்டார். இருந்தேன் என்றேன். எழுந்து துணி காயப்போடப் போய்விட்டார்.

மார்ச் 11

விளம்பரத்திலிருந்து அந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னேன். கடைசியில் வாங்கப்போவது பெற்றவர்கள்தானே, அவர்களைப் பிள்ளை முன்னால் மட்டம் தட்டியா விற்பது என்று கேட்டேன். பதினொன்று இதுவரை யாருக்குமே வந்ததில்லையே என்றார் மேலாளர், ஏதோ என்னைப் பாராட்டுவதுபோல.

"அந்தப் பதினொண்ணு என் வீடு சார்."

அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். துணி சோப்புப் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 20

மாற்றிவிட்டார்கள். என் நாற்காலியில் வேறொருத்தி. விளம்பரம் அந்த வரியோடுதான் வருகிறது. அலுத்துப்போச்சு.

மார்ச் 28

வகுப்பு டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார். மகள் பத்து நாளாக நொண்டி நடக்கிறாளாம். ஷூவைக் கழற்றினால் குதிகால் இரண்டிலும் புண். ஷூ சின்னதாகிவிட்டது. வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா என்றேன்.

"கேட்டா அப்பா அழுவாரும்மா."

சமையலறையிலிருந்த அவர் காதில் விழுந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். அவள் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கேக்கணும்டா. அப்பாகிட்டதான் கேக்கணும்" என்றார். மருந்து போட்டுவிட்டு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

என்னைக் கூப்பிடவில்லை. நானும் வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.