அங்கமுத்துவை வாவென்ற நாள்

திருச்செங்கோடு தாலுகா,
ஈசுவர வருஷம், தை மாதம் 12

சிரஞ்சீவி செங்கோடனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நாங்களும் மாடு கன்றுகளும் சுகம், பம்பாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க அர்த்தநாரீசுவரர் துணை. சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள். உன் தங்கை வள்ளியாத்தாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதைவிடப் பெரிய சேதி, உன் சித்தப்பன் அங்கமுத்து நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான்!

நடந்ததைக் கேள். நாமகிரிப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் சின்னண்ணனும் அவர் சம்சாரமும் வண்டி கட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் நம் வீட்டைத் தாண்டிப் போய் அங்கமுத்து வாசலில் இறங்கிவிட்டார்கள். வீடு மாறிப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். கிணற்றில் யார் எப்போது தண்ணீர் இறைப்பது என்ற முறைச் சண்டையில் ஆறு வருஷமாக நானும் அவனும் பேசுவதில்லை என்று உனக்குத் தெரியும். எதிரே வந்தால் வரப்பை விட்டு இறங்கி நடக்கிறவன் நான். அன்று நான் பேசிய பேச்சுக்கு அவன் நம்மைப் பற்றி என்ன சொன்னாலும் தகும். வேலியோரம் நின்று எட்டி எட்டிப் பார்த்து எனக்குக் கழுத்துச் சுளுக்கியதுதான் மிச்சம், ஒரு மணி நேரமாகியும் அவர்கள் வெளியே வரவில்லை.

பிறகு பார்த்தால் அங்கமுத்துவே அவர்களை அழைத்துக்கொண்டு வருகிறான். அவர்களை உள்ளே விட்டுவிட்டுத் தான் மட்டும் வேலிப் படலுக்கு வெளியே நின்றுகொண்டான், அழைக்காத வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாதென்று. நான் படல் வரைக்கும் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். கடைசியில் "வாடா அங்கமுத்து, ஏன்டா அங்கயே நிக்கற" என்று நான் கத்தின கத்தலில் வண்டி மாடு மிரண்டது. "வாரேனுங்கண்ணா" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். அதற்கப்புறம் என் வாய் அடங்கவில்லை, வண்டிக்காரனை வாங்க என்றேன், மோர்ச் செம்போடு வந்த உன் அம்மாவையும் வாங்க என்றேன், அவள் சிரித்த சிரிப்பில் மோர் பாதி தரையில்.

சாப்பிடும்போது சின்னண்ணன் மெல்லச் சொன்னார். "நாங்க ஊடு மாறிப் போகலீங்க. பேச்சுவார்த்த இல்லாத தம்பி வாயில என்ன வருதுன்னு கேக்கத்தான் மொதல்ல அங்க போனோம். கால் கழுவத் தண்ணி குடுத்து, சோறு போட்டு, எங்கண்ணன் மக நான் தோள்ல தூக்கி வளத்த புள்ளைங்க, யோசிக்காமக் கட்டுங்கன்னாரு. உங்களப் பத்தி ஒரு சொல்லுக் கொறையாப் பேசலைங்க." எனக்குச் சிரிப்பும் அழுகையுமாகப் புரையேறியது. தலையில் தட்டினவன் அவன்தான்.

மரியாதை என்றால் பெரிய மனிதரைக் கண்டு எழுந்து நிற்பது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆகாதவனுக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது என்று என்னைவிட எட்டு வயது இளையவனிடம் கற்றேன். நீயும் உன் அறை வாசலுக்கு யார் வந்தாலும் முதலில் வாங்க என்று சொல், சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். மாசி இருபதில் முகூர்த்தம், ரயில்வேயில் இப்போதே லீவு கேட்டு வை.

சித்தப்பனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. உன் விலாசத்தை எழுதிக்கொள்ளடா என்று நான் சொல்லத் தொடங்கினேன், வேண்டாமுங்கண்ணா என்று கதவு நம்பர் வரைக்கும் ஒப்பித்தான். ஆறு வருஷமாக உன் கடிதம் வரும்போதெல்லாம் தபால்காரரை வழியில் நிறுத்தி, உறையை ஒரு தரம் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் நம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான்.

நோய் நொடியின்றி நூறாண்டு இரு, சாமி.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்புசாமி