ஏழு கோழிகளும் ஒரு கொக்கும்

ஜனவரி 19, திங்கள்

காலையில் நல்ல பனி. குளத்துக் கரை தெரியவே இல்லை. எட்டு மணிக்குத்தான் வெயில்.

பள்ளி வேலைக்குக் கிளம்பும்போது கால்நடை டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, ஸ்கூட்டி. தெருவில் கோழி வளர்க்கிற வீடு ஒன்று விடாமல் நின்று சொல்லிக்கொண்டு போகிறார். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல். நம் பக்கம் இன்னும் இல்லை. ஆனால் குளத்துக்கு வெளியூர்ப் பறவை வருகிற சமயம்.

"ஒரு மாசத்துக்குக் கோழிய வெளிய உடாதீங்க. கொக்கு காக்கா எதுவும் கிட்ட வரக்கூடாதுங்க. அதுக எச்சம் தீவனத்துல, தண்ணில உழுகக் கூடாது. கோழி திடீர்னு செத்தா கையில தொடாம எனக்குப் போன் பண்ணுங்க."

சரி என்றேன். சொல்வது சுலபம். ஏழு கோழிகளும் குமரனுடையவை. தம்பிக்கு முப்பத்தொன்பது வயது, மனசுக்கு ஏழெட்டு. அம்மா போன பிறகு அவனுக்கு நானும் அந்தக் கோழிகளும்தான். பேர் வைத்தது அவனே, டவுன் பஸ் நிற்கிற இடங்களாகப் பார்த்து. சேவல் உக்கடம். பெட்டைகள் கரும்புக்கடை, ஆத்துப்பாலம், குறிச்சி, சுந்தராபுரம், ஈச்சனாரி, மலுமிச்சம்பட்டி. தினமும் ஆறு மணிக்குக் கூண்டைத் திறந்து, கண்டக்டர் குரலில், "எறங்கு எறங்கு எறங்கு." அது நடக்காமல் அவனுக்குப் பொழுது விடிந்ததாக ஆகாது.

வாங்க வேண்டியவை:
- வலை, சின்னக் கண்ணி (பழைய வலையில் குருவி நுழையும்)
- தார்ப்பாய், கூண்டுக்கு மேலே
- பிளீச்சிங் பவுடர்
- கூண்டுக்கு மட்டும் என்று ரப்பர் செருப்பு, 2 ஜோடி
- பூட்டு

குமரனிடம் என்ன சொல்வது?

ஜனவரி 20, செவ்வாய்

கா. 5.45. எனக்கு முன்னால் எழுந்து, நேற்று ராத்திரி கூண்டுக்குப் போட்ட புதுப் பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். காய்ச்சல், கிருமி, வெளியூர்ப் பறவை, எல்லாம் சொன்னேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பூட்டை விடவில்லை. உள்ளே உக்கடம் கத்துகிறது. எனக்குச் சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போக வேண்டும்.

கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன். "இன்னைக்கு பஸ் ஸ்ட்ரைக் சாமி. ஆரும் எறங்கக் கூடாது."

பூட்டை விட்டான். கொஞ்ச நேரம் யோசித்தான். "ஆரு சொன்னா?"

"டாக்டரம்மா."

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஜமீலாக்காவிடம் போய், "ஸ்ட்ரைக்குங்க" என்றான். நான் பள்ளியில் இருக்கும்போது அவனைப் பார்த்துக்கொள்வது அவர்தான். தையல் மிஷினை எங்கள் சுவர் ஓரமாகவே போட்டிருக்கிறார்.

"அப்பிடியா? அப்ப நானும் எங்கயும் போகலீங்க தம்பி" என்றார் ஜமீலாக்கா.

ஜனவரி 22, வியாழன்

வலை கட்டியாயிற்று. விரல்கள் எல்லாம் கீறல். கூண்டுக்கு முன்னால் நாலடி சேர்த்து அடைத்திருக்கிறேன், கொஞ்சம் நடக்கட்டும். மேலே தார்ப்பாய். தீவனத் தட்டு உள்ளே. தண்ணீர் குழாய்த் தண்ணீர் மட்டும்.

கூண்டு வாசலில் கால் மிதிக்க, பிளீச்சிங் தண்ணீரில் நனைத்த சாக்கு. பதினெட்டு வருஷமாகப் பள்ளி ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறவளுக்கு இதெல்லாம் பெரிய வேலையில்லை. குமரனுக்குத்தான் புதுச் செருப்பு மேல் ஆசை. வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு வருகிறான். நான்கு தடவை கழற்றி வெளியே வைத்தேன்.

"ஸ்ட்ரைக் முடிஞ்சுதாக்கா?"

"இல்ல சாமி."

இன்று மட்டும் பதினோரு தடவை.

ஜனவரி 24, சனி

ஒன்றை ஒன்று கொத்துகின்றன. அடைந்து கிடந்தால் அப்படித்தானாம். மலுமிச்சம்பட்டிக்கு முதுகில் இறகு போய்ச் சிவந்து கிடக்கிறது. மஞ்சள் குழைத்துப் போட்டேன்.

டாக்டரம்மா போனில்: "சும்மா இருக்கறதால தானுங்க. கீரைக்கட்ட கயித்துல தொங்க உடுங்க, எட்டிக் கொத்தட்டும்." தொங்கவிட்டேன். ஏழும் எம்பி எம்பிக் கொத்தின. குமரன் சிரித்த சிரிப்பில் ஜமீலாக்கா எட்டிப் பார்த்தார். மதியத்துக்குள் வீட்டிலிருந்த முருங்கைக்கீரை, கொத்தமல்லி, சாம்பாருக்கு வைத்திருந்த பாலக் எல்லாம் கயிற்றில்.

ரசம் வைத்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மா. 5.10. வீட்டுக்குள் நுழையும்போதே கூண்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே குமரன், மண்ணில் சம்மணம் போட்டு. மடியில் அவனுடைய சட்டையில் சுற்றி ஏதோ வெள்ளையாக. சுற்றிலும் கோழிகள். கிட்டப் போனால் கொக்கு. கழுத்து ஒரு பக்கமாகத் தொங்குகிறது, கண் பாதி மூடியிருக்கிறது. மூச்சு மட்டும் இருந்தது.

"அக்கா, நனைஞ்சு போச்சு. குளுருதாம். இதுககூடப் படுத்துக்கட்டும்."

அடித்துவிட்டேன். இடது கன்னத்தில். அவனை நான் அடித்ததே இல்லை. அம்மா அடிக்க வந்தபோதெல்லாம் நடுவில் போய் நின்றவள் நான்.

அழவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவ்வளவுதான்.

பிறகு நடந்தது எல்லாம் கை தானாகச் செய்தது. பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக் கொக்கை அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அவனைக் குளியலறைக்குக் கூட்டிப் போய் இரண்டு தடவை சோப்பு. சட்டை பிளீச்சிங் வாளியில். டாக்டரம்மாவுக்குப் போன். "காலைல மொதல் வேலையா வாரேனுங்க. ரெண்டு பேரும் வெளிய போகாதீங்க. தம்பிய தனி ரூம்ல வைங்க."

ஜமீலாக்கா சுவருக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தார். "பிளவுஸ் ஊக்கு வெக்கிற நேரந்தான் அம்மணி. தலை நிமிந்து பாக்கறதுக்குள்ள குளத்துப் பக்கம் போயிட்டு வந்துட்டாப்ல."

அவர் மேல் தப்பில்லை. காலை அவசரத்தில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தவள் நான். கூண்டைப் பூட்ட மறந்தவளும் நான்.

ஜனவரி 28, புதன்

கொக்கு விடியற்காலையில் செத்துவிட்டது.

டாக்டரம்மாவும் இன்னும் இரண்டு பேரும், தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு. பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஏழு கோழிகளுக்கும் தொண்டையிலும் பின்பக்கத்திலும் பஞ்சு விட்டு எடுத்தார்கள். குமரன் அறை ஜன்னல் கூண்டைப் பார்த்தபடி இருக்கிறது. அவர்களைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்.

"டாக்டர், கொக்குக்கு அந்த நோய் இருந்தா?" என்று கேட்டேன்.

முகத்தை மூடியிருந்ததால் கண் மட்டும் தெரிந்தது. "கோழிகள எடுத்து அழிச்சுருவாங்க. நம்ம கையில இல்லீங்க அது. ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒண்ணும் நெனைக்காதீங்க." கிளம்பும்போது ஜன்னல் பக்கம் போய், "குமரண்ணா, உங்க கோழியெல்லாம் நல்லாத் தெம்பா இருக்குதுங்க" என்றார்.

மதியம் சுகாதார நர்ஸ். குமரனுக்கும் எனக்கும் மாத்திரை. பத்து நாள் அவன் அறையிலேயே இருக்க வேண்டும். நான் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகலாம், அதுவும் சாப்பாடு வைக்கவும் காய்ச்சல் பார்க்கவும் மட்டும். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன்.

முட்டைகளைத் தின்னக் கூடாதாம், குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார்கள். நான்கு. புதைத்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

தட்டோடு உள்ளே போனால் குமரனுடைய கை இடது கன்னத்துக்குப் போகிறது. வேண்டுமென்று செய்யவில்லை. தானாகவே போகிறது. நான் வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் சாப்பிடுகிற சத்தம் கேட்கிறது.

கோழிகளிடமும் பேச்சில்லை. ஆறு மணிக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், வாய் திறப்பதில்லை. உக்கடம் ஜன்னலைப் பார்த்துப் பார்த்துக் கத்துகிறது.

ஜமீலாக்கா சுவர் மேல் தூக்குப்போசி வைத்துவிட்டுப் போகிறார். தேங்காய்ப்பால் கஞ்சி. "தம்பி சத்தமே காணமே அம்மணி. மிஷின் ஓட்டவே முடியல எனக்கு."

சோப்பு தீர்ந்துவிட்டது. தெர்மாமீட்டர் பேட்டரி மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

காய்ச்சல். காலை 99.6, மதியம் 100.8. இருமல் இரண்டு தடவை. எண்ணினேன்.

நர்ஸுக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸில் இரண்டு பேர் வந்து மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சு விட்டு எடுத்தார்கள். கத்துவான், தள்ளிவிடுவான் என்று பயந்து நின்றேன். அசையவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கோழிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நாளைக்குச் சொல்வார்களாம். மூச்சு வாங்கினால் உடனே கூப்பிடச் சொன்னார்கள்.

வேறு எதுவும் செய்ய முடியவில்லை. அவன் அறை வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவன் கட்டிலில், போர்வைக்குள்.

நான்தான் பேசினேன். "அக்கா அடிச்சது தப்பு சாமி. பூட்டாமப் போனது நானு. உன்ற மேல ஒரு தப்பும் இல்ல."

தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"கொக்கு செத்துப் போச்சா?"

யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "ஆமா."

"குளுருலயா?"

"தெரியல சாமி."

"நா போத்தி உட்டேனே."

"நல்லாத்தான் போத்தி உட்ட."

அவன் தூங்கும்வரை அங்கேயே இருந்தேன்.

பிப்ரவரி 2, திங்கள்

மதியம் நர்ஸிடமிருந்து போன். குமரனுக்கு அந்தக் காய்ச்சல் இல்லை. சாதாரணச் சளிதான். ஆனாலும் பத்து நாளை முடித்துவிட வேண்டும்.

அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது பிறகுதான் தெரிந்தது.

சாயந்திரம் 98.4. இரண்டு தோசை சாப்பிட்டான். மூன்றாவது கேட்டான்.

பிப்ரவரி 4, புதன்

கோழி ரிசல்ட் இன்னும் இல்லை. ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

கூண்டைச் சுத்தம் செய்யும்போது ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தேன். கொண்டை நீலமாகிறதா, மூக்கு ஒழுகுகிறதா, தலை தொங்குகிறதா. ஒன்றுமில்லை. மலுமிச்சம்பட்டிக்கு முதுகில் புது இறகு முளைக்கிறது. முதலில் முள் மாதிரி இருக்கிறது, பிறகு விரிகிறது. இத்தனை வருஷத்தில் இதைக் கவனித்ததே இல்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு யோசனை வந்து போனது. எடுக்க வந்தால், ஏழு கோழிகளையும் ஒரு கூடையில் போட்டுக் காரமடைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? உடனே வெட்கமாக இருந்தது. பெரியம்மா வீட்டைச் சுற்றிலும் கோழி வளர்க்கிற வீடுகள். அந்தக் கோழிகளுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

வந்தால் நானே கதவைத் திறந்துவிட வேண்டும். குமரனை அப்போது ஜமீலாக்கா வீட்டில் விடலாமா? இல்லை, பார்க்கட்டுமா? முடிவு செய்ய முடியவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

கா. 10.20. டாக்டரம்மா. போனில் சொல்லாமல் நேரிலேயே வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"இல்லீங்க. கொக்குக்கும் இல்ல, கோழிகளுக்கும் இல்ல. கொக்கு ஏதோ தோட்டத்துல மருந்தடிச்ச பூச்சியத் தின்னுருக்கும்னு நெனைக்கறாங்க."

அவரே மேலே சொன்னார். "ஆனா ஸ்ட்ரைக் இன்னும் ரெண்டு வாரம் இருக்குதுங்க. சொல்லிருங்க அண்ணன்கிட்ட." ஸ்ட்ரைக் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஜமீலாக்கா சொன்னாராம்.

ஜன்னலில் போய்ச் சொன்னேன். "உன்ற கோழிய ஆரும் எடுக்க மாட்டாங்க சாமி. எல்லாத்துக்கும் ஒடம்பு நல்லாருக்குது."

தலையாட்டினான். கூண்டை ஒரு பார்வை. பிறகு கம்பி வழியாக, ரொம்ப மெதுவாக, "உக்கடம்" என்றான். பிறகு "கரும்புக்கடை." பிறகு வரிசையாக ஏழும். இறங்கச் சொல்லவில்லை. பேர் மட்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம் நின்று, பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தது.

பிப்ரவரி 7, சனி

பனி குறைந்துவிட்டது. நல்ல வெயில். நர்ஸ் ஒன்பது மணிக்கு வந்து பார்த்துவிட்டு, வெளியே வரலாம் என்றார்.

மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு அவன் அறைக் கதவைத் திறந்தேன். வாசலைத் தாண்டலாமா என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். பிறகு வந்தான். பத்து நாள் தாடி, அங்கங்கே நரை. என் தம்பிக்கு நரைத்திருக்கிறது, நான் பார்க்கவே இல்லை.

பின்பக்கம் வெயிலில் ஸ்டூல் போட்டேன். சொம்பில் வெந்நீர், பிரஷ், ரேசர். எதிரில் உட்கார்ந்தான். எந்தப் பக்கம் ஆரம்பிப்பது என்று தெரியாமல் சோப்பை மட்டும் குழைத்துக்கொண்டே இருந்தேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு, இடது கன்னத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.